றோசாலி போகாத ஒன்பது தேசங்கள்

கொழும்பில் ஒரு கட்டிடம் இருக்கிறது. அதன் மாடியறை ஒன்றில், பூச்சி மருந்து வாடை அடிக்கும் இரும்பு அலுமாரிக்குள், பென்றோஸ் தொரசாணியின் தாள்கள் ஐந்து தகரப் பெட்டிகளில் இருக்கின்றன. நாட்குறிப்பு, கடிதம், படம் என்று சகலமும். அவற்றைத் தொடுவதானால் கைக்கு வெள்ளைத் துணியுறை மாட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் பசறைக் கடையில் குங்குமப்பூவைக்கூட வெறுங்கையால்தான் நிறுத்துக் கொடுத்தோம். வாங்கியவர் யாரும் செத்துப்போகவில்லை.

பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைத் தமிழில் சொன்னால், ‘ஊவாவிலிருந்து உலகைச் சுற்றிய மாதரசியின் சொந்தத் தாள்கள்’ என்று வரும். மாதரசி, மூணுகல் தேயிலைத் தோட்டத்துப் பெரிய தொரையின் பெண்சாதி. ஒன்பது தேசம் பார்த்தவள் என்று பெயர். சீமையில் அச்சான ஏதோ பெண்கள் பத்திரிகையில் எகிப்தைப் பற்றியும் துருக்கியைப் பற்றியும் எழுதியவள். தொரை முந்திப் போனார்; இவள் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தாறில் பங்களாவிலேயே கண்ணை மூடினாள். ஒரு மாதத்துக்குள் கொழும்பிலிருந்து லொறி வந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. நூறு வருடமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் செத்தவர்களின் பெயரை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கிப் போடாதவர்கள், அவள் வண்ணானுக்குப் போட்ட துணிகளின் பட்டியலைக்கூடப் பஞ்சு சுற்றி எடுத்துப் போனார்கள்.

அந்த ஐந்தாம் பெட்டியின் அடியில் தொரசாணிக்குச் சொந்தமில்லாத தாள் ஒன்றும் போயிற்று. அவளுடைய ஆயா றோசாலியின் ஞானஸ்நானத் துண்டு.

லயக் காம்பராவில் கூரை ஒழுகும். ஒழுகாத இடத்தில் கறையான் இருக்கும். அதனால் பங்களாவில் வேலை பார்த்தவர்கள் தங்கள் முக்கியமான தாள்களைத் தொரசாணியின் பெட்டியில் ஒரு மூலையில் போட்டுவைப்பது மூணுகல்லில் வழக்கம். வெள்ளைக்காரியின் பெட்டிக்கு மழை பயப்படும் என்று நினைப்பு. மழை என்னவோ பயந்தது. லொறி பயப்படவில்லை.

துண்டு போனதை மூன்று வருடம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுபத்தொன்பது ஜூலையில்தான் அதற்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் துணி மூட்டையோடு மூணுகல்லுக்கு ஏறுவது அப்போது என் வேலை. கச்சான் காற்று அடிக்கிற காலம். பத்தனை என்கிற மலைப் புல்வெளியெல்லாம் காய்ந்து நரிநிறத்தில் கிடக்கும். தேயிலைச் செடியில் கொழுந்து விடாது. மலையேறுகிற பெண்களுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, விழுவதே பாடு. அன்றைக்கு றோசாலியின் காம்பரா வாசலில் கவிழ்த்துப் போட்ட கொழுந்துக்கூடையின் மேல் நான் உட்கார்ந்தபோது, அவளுடைய மருமகன் மத்தேயு கையில் ஒரு நீளக் கடுதாசியோடு காத்துக்கொண்டிருந்தான். தோட்டத்துக்கு வருகிற இங்கிலீசுக் கடுதாசிகளை வாசிப்பதும் என் வேலைதான். கிளாக்கரையா வாசித்தால் மலை முழுக்கத் தெரிந்துவிடும்.

“வாசிங்க மொதலாளி. நல்லதா கெட்டதா, அத மொதல்ல சொல்லிப்புட்டு வாசிங்க.”

“நல்லதுமில்ல, கெட்டதுமில்ல. பதுளைக்குக் கூப்பிட்டீக்கிறாங்க.”

அடுப்படியில் றோசாலியின் மகள் மரியகொரட்டி தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த ரொட்டியைக் கல்லில் தட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“யாரங்க?”

“ஒங்க அப்பா அந்தோனி ஐம்பத்தொண்ணுல பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டாரே, அது இப்பத்தான் முழிச்சீக்கி.”

“அப்பா செத்தே ஒம்பது வருசமாச்சு.”

“மனு சாகல்ல. குடும்பத்துல மிச்சம் ஈக்கிறது ஒங்க அம்மா. இந்த மாசம் இருபத்தொம்பதாம் தேதி விசாரணை. அம்மா இங்க பொறந்ததுக்கு அத்தாட்சி காட்டணும். காட்டினா அவங்க, அவங்க வழியா நீ, ஒன்ட புள்ளைங்க எல்லாரும் இந்த நாட்டு ஆளுங்க.”

“காட்டலன்னா?” என்றான் மத்தேயு.

“காட்டலன்னா எந்த நாட்டு ஆளும் இல்ல. அப்பறம் இந்தியாவுக்குப் போக மனுப் பாரம் நெரப்ப வேண்டியதுதான்.”

“இந்தியாவுல எங்களுக்கு யாரு இருக்கா? ஒரு நாயி பேரு தெரியுமா எனக்கு அங்க?”

ஞானஸ்நானம் கொடுத்த மலைக்கோவிலின் பதிவுப் புத்தகத்தை நாற்பத்தேழாம் வருட மழையில் கோவிலோடு சேர்த்து மண் மூடிவிட்டது. பிறப்புப் பதியும் வழக்கம் றோசாலி பிறந்த காலத்தில் தோட்டத்தில் இல்லை, கன்றுக்குட்டிகளுக்கு இருந்தது. ஆகவே உலகத்தில் அவள் இங்கே பிறந்தாள் என்று சொல்ல மிஞ்சியது கொழும்புப் பெட்டியில் கிடந்த துண்டு ஒன்றுதான்.

கடுதாசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. நான் வாசிக்கவில்லை. கேட்கிற சரக்கு என்ன என்று தெரிந்ததும் வியாபாரி மற்றதைப் பார்க்க மாட்டான். இதைப் பெருமையாக எழுதவில்லை.

இதையெல்லாம் றோசாலி உள்ளே சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அறுபதைத் தாண்டிய உடம்பு. ஆனாலும் பங்களாவில் முப்பது வருடம் நின்ற நிமிர்வு முதுகில் இருந்தது. தோட்டத்தில் அவளுக்குக் ‘கப்பல் ஆயா’ என்று பெயர். தொரசாணி போன ஒன்பது தேசத்துக்கும் கூடவே போனவள் அவள்தான் என்பதால் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கங்காணிகூட அவளிடம் குரலைத் தணிப்பான். பிள்ளைகளுக்கு எகிப்துக் கதை சொல்வாள். லயத்தில் கலியாணப் பேச்சென்றால், “கப்பல் ஆயா என்ன சொல்றாங்க” என்று கேட்டுத்தான் முடிப்பார்கள்.

“அந்தக் கட்டடத்துல போயிக் கேட்டாக் குடுப்பாங்களா, சின்ன மொதலாளி?” என்றாள்.

“கேக்கிற விதமா கேட்டா செத்த மையத்துகூட எழும்பிக் குடுக்கும், ஆயாம்மா. நான் வாறேன்.”

மரியகொரட்டி ரொட்டியைப் பிய்த்துக் கட்டச்சம்பலோடு என் முன்னால் வைத்தாள். “எங்கம்மாவத் தெரிஞ்சா அவுங்களே எழுந்திரிச்சுக் குடுப்பாங்க,” என்றாள். “அந்த அம்மாவுக்கு மூணு கடலு தாண்டி சுடுதண்ணி வச்சுக் குடுத்தது யாரு?”

றோசாலி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை ரயிலில் நானும் றோசாலியும் மத்தேயுவும் கொழும்புக்கு இறங்கினோம். ராத்திரி என் மாமா வீட்டில் தங்கல். மறுநாள் கட்டிடத்தைக் கண்டுபிடித்தோம். வாசலில் காவல்காரன் மத்தேயு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைப் பார்த்து அவனை மரநிழலில் நிற்கச் சொன்னான். சரித்திரத்துக்குச் சாரம் ஆகாது போலிருக்கிறது. நான் கால்சட்டை போட்டிருந்தேன். றோசாலி தொரசாணி கொடுத்த பழைய பூச்சேலையில் இருந்தாள். எங்களை விட்டான்.

காப்பகத்தின் காப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். மெல்லிய மனுசன், மூக்கின் நுனியில் கண்ணாடி. உலகத்தில் நடந்ததெல்லாம் தன்னிடம் பதிந்துவிட்டுத்தான் நடந்தது என்பது மாதிரி ஒரு இருப்பு. விசயத்தைச் சொன்னேன்.

“இஞ்ச வந்த தாள் வெளியிலை போகாது, தம்பி,” என்றார்.

“அது தொரசாணிட தாள் இல்ல சேர். இவங்கட.”

“பெட்டிக்குள்ளை இருந்ததெல்லாம் சேகரம். ஐந்தாம் பெட்டி, நாற்பத்தோராம் உருப்படி. ‘தோட்டத்துச் சனத்தின் வழக்கங்கள் பற்றிய உதிரித் தாள்’ எண்டு பதிஞ்சாச்சு.”

“என்னோட ஞானஸ்நானங்க அது,” என்றாள் றோசாலி.

“ஓம் அம்மா. பத்திரமா இருக்கு. இனி ஐந்நூறு வருசத்துக்கு ஒண்டும் ஆகாது.”

ஐந்நூறு வருடம்! விசாரணைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

இந்த மாதிரி ஆட்களை எனக்குத் தெரியும். விற்க மாட்டேன் என்று சொல்கிற வியாபாரிக்கு வேறு ஏதோ வாங்க வேண்டியிருக்கும். அது என்ன என்று பொறுத்திருந்து பார்க்க வேண்டும். நான் ஆயாம்மாவைக் காட்டி, “தொரசாணியோட ஒம்பது தேசத்துக்கும் போன ஆயா இவங்கதான்,” என்றேன், சும்மா காற்றில் விடுகிற மாதிரி.

மனுசன் கண்ணாடியைக் கழற்றினார். கதிரை வந்தது. பால்தேத்தண்ணி வந்தது. வெள்ளை உறை மாட்டி, படப்புத்தகம் ஒன்றைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கிக்கொண்டு வந்தார்.

“எல்லாப் படத்திலையும் ஓரத்திலை குடை பிடிச்சுக்கொண்டு ஒரு பொம்பிளை நிக்கிறா. பேர் இல்லை. அது நீங்களோ, அம்மா?”

றோசாலி குனிந்து பார்த்தாள். “நாந்தாங்க.”

“அப்ப இது? ‘அபிசீனியா, ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழு’ எண்டு எழுதியிருக்கிறா.”

காய்ந்த புல்வெளி. தொப்பி போட்ட தொரசாணி. ஓரத்தில் குடை. றோசாலி வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு விளங்கவில்லை. வாங்குகிறவன் சரக்கில் மயங்கி நிற்கும்போது விற்கிறவன் குறை சொல்லக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். வாப்பா, என்னைப் பெற்றவர், எனக்குக் கற்றுத்தந்ததே அந்த ஒன்றுதான். மேசைக்கடியில் அவள் காலை என் காலால் தட்டினேன்.

“ஆமாங்க,” என்றாள் றோசாலி.

“சுவிற்சர்லாந்து?”

பனிமூட்டம். “ஆமாங்க.”

“இத்தாலி. நாற்பத்தொண்டு. யுத்தத்துக்குள்ளையும் பயணம் போன துணிவு! இப்பிடி ஒரு பொம்பிளையைப் பாருங்கோ!”

“ஆமாங்க,” என்றாள், இன்னும் சின்னக் குரலில்.

“இது கொன்ஸ்டான்டினோப்பிள். முப்பத்தெட்டு. சந்தை. இந்த வியாபாரியின்ரை முகத்தைப் பாருங்கோ, அசல் துருக்கி.”

பார்த்தேன். கடை வாசலில் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் துருக்கித் தொப்பியோடு நின்று, படம் பிடிக்கிறவளை ஏமாற்றலாமா என்ற கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது என்னுடைய வாப்பா.

எங்கள் பசறைக் கடை. பலகையில் உடைந்த அந்த மூலைகூட இருந்தது. நான் பிறக்க முன்னாலிருந்தே உடைந்திருந்த மூலை.

என் வாழ்நாளில் அந்த ஒரு நிமிடத்தைத்தான் திரும்ப வாங்க ஆசைப்படுகிறேன். அப்போது வாயைத் திறந்திருக்கலாம். நானோ, கடைக்கார மூளையில் இன்னும் ஒரு படி ஏறினேன். காப்பாளர் இந்தப் பொய்யை எவ்வளவு பக்தியோடு வைத்திருக்கிறார்! இவரிடம் துண்டின் நகல் மட்டுமா கேட்பது?

“சேர், ஆயாம்மா எல்லாப் படத்துக்கும் சாட்சி செல்லுவாங்க. நீங்க ரெண்டு தாள் தரணும். ஒண்டு அந்தத் துண்டுட நகல், முத்திரையோட. மத்தது, இவங்க இப்பிடிப்பட்ட பெரிய தொரசாணியோட தேசமெல்லாம் போய் ஊழியம் செஞ்சவங்கண்டு ஒரு நற்சான்று.”

இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. கொசுறாக வாங்கினேன். விசாரணைக்காரன் மரியாதையாகப் பார்ப்பான் என்று நினைப்பு.

காப்பாளர் சந்தோசமாக எழுதினார். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறு முதல் நாற்பத்தைந்து வரை ஒன்பது தேசங்கள், வருட வாரியாக. கீழே றோசாலி பெயர் வைத்தாள். சாட்சி என்ற இடத்தில் நான், பசறை எம். ஸமீம், வளைத்து நெளித்து ஒரு கையெழுத்துப் போட்டேன். முத்திரை விழுந்தபோது மேசையே அதிர்ந்தது. காப்பாளர் வழியனுப்ப மனமில்லாமல் நாட்குறிப்பில் ஒரு வரியை எங்களுக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினார்: “கடல், காற்றில் அசையும் மென்புல்வெளி போலத் தாலாட்டியது.”

“எப்பிடிப் பார்த்திருக்கிறா!” என்றார்.

வெளியே வந்து புறக்கோட்டையில் ஒரு கடையில் பனிசும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தேன். மத்தேயு புகையிலை வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் றோசாலி சொன்னாள்.

“அந்த ரெண்டாவது தாளு வேணாம், சின்ன மொதலாளி. அது பொய்யி.”

“தெரியும். துருக்கி வியாபாரி எங்க வாப்பா.”

அவள் சிரிக்கவில்லை. “கிளப்புல மத்தத் தொரசாணிமாரெல்லாம் அஞ்சு வருசத்துக்கொருக்கா கப்பலேறிப் போயிட்டு வந்து பேசுவாளுங்க. இவ புருசனுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. கொம்பனி லீவு குடுக்கல, அந்தாளுக்குச் செலவழிக்க மனசுமில்ல. இவ வருசத்துல ரெண்டு மாசம் பண்டாரவளையில ஒரு சின்ன பங்களா எடுத்து, கதவச் சாத்திக்கிட்டு, பொஸ்தகத்தப் பாத்துப் பாத்து எழுதுவா. நானும் ஜன்னலத் தொறக்கக் கூடாது. மூஞ்சி வெளிறிப் போனாத்தான் சீமைக்குப் போன மாதிரி இருக்குமாம். அபிசீனியாங்கிறது ஹல்துமுல்லைக்கு மேல இருக்கிற பத்தன. எகிப்து தியத்தலாவ. யாரு கேட்டாலும் போனோம்னு சொல்லணும்னு பைபிளத் தொட்டுச் சத்தியம் வாங்கிட்டா.”

“நீங்களும் செல்லிட்டீங்க.”

“சொன்னேன். மொதல்ல அவளுக்காகச் சொன்னேன். அப்பறம்...” பனிசைத் தேத்தண்ணியில் முக்கினாள். “அப்பறம் நல்லாத்தான் இருந்துச்சு. எங்கப்பன் தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட செத்தான். ஆத்தா கூடையோட செத்தா. என்னையக் கண்டா மட்டும் கங்காணி ஓரமா நிக்கிறான். எம்மக எங்க போனாலும் கப்பல் ஆயா மகன்னுதான் பேரு. அதப் போயி எப்புடிப் பொய்யின்னு சொல்றது? ஆனா கோர்ட்டு கச்சேரின்னா வேற. அங்க இந்தத் தாளு வேணாங்க.”

“பொய்யா ஈந்தா என்ன ஆயாம்மா, முத்திர நெசம்,” என்றேன் நான்.

இவ்வளவு கேவலமான புத்திசாலித்தனம் என் வாயிலிருந்து வேறு எப்போதும் வந்ததில்லை.

இருபத்தொன்பதாம் தேதி. பதுளையில் ஒரு மாடிக் கட்டிடம், சுண்ணாம்பு உதிர்ந்த மண்டபம். பெஞ்சியில் ஐம்பது குடும்பம் காத்திருந்தது. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தலையில் வழிய வழிய எண்ணெய். அன்றைக்குக் கூலிப்பேர் போனாலும் பரவாயில்லை என்று மரியகொரட்டியும் வந்திருந்தாள். விசாரணைத் துரை சிங்களத்தில் கேட்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அதைத் தன் சொந்தக் கோபத்தையும் சேர்த்துத் தமிழாக்கித் தருவார்.

துண்டின் நகலைத் துரை பார்த்தார். தலையாட்டினார். மத்தேயு என் தோளைப் பிடித்து அழுத்தினான். அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். நான் இரண்டாம் தாளை நீட்டினேன்.

துரை வாசித்தார். ஒரு தரம். பிறகு விரலை வைத்து இரண்டாம் தரம். பிறகு சிரித்தார்.

“தொரை கேக்குறாரு,” என்றார் மொழிபெயர்ப்பாளர். “முப்பத்தாறுலேருந்து நாப்பத்தஞ்சு வரைக்கும் பத்து வருசம் இந்த நாட்ட விட்டு நகராம இருந்தவங்களுக்குத்தான் இந்த உரிமை. கடுதாசிக்குப் பின்னால எழுதியிருக்கே, வாசிக்கலியா?”

பின்பக்கம்.

“இந்தப் பொம்பள அந்தப் பத்து வருசத்துல ஒம்பது நாட்டுல இருந்திருக்கா. நீங்களே கொண்டாந்து குடுக்குறீங்க.”

மண்டபத்தில் யாரோ செருமினார்கள். றோசாலி எழுந்து நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. மருமகனைப் பார்க்கவில்லை. பங்களாவில் தட்டு ஏந்தி நிற்கிறவள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டாள்.

“அது பொய்யிங்க ஐயா. நான் எங்கயும் போகல. தொரசாணியும் போகல. பண்டாரவளையில கதவச் சாத்திக்கிட்டு இருந்தோம்.”

மொழிபெயர்ப்பாளர் இதைச் சிங்களத்தில் சொல்லி முடிக்க முன்னமே சிரிப்பு தொடங்கிவிட்டது. துரை மட்டும் சிரிக்கவில்லை.

“செக்ரோலு இருக்குங்க,” என்று மத்தேயு எழுந்தான். “மாசா மாசம் பேரு விழுந்திருக்குங்க.”

“செக்ரோல்ல பேரு போடுறது தோட்டத்துக் கிளாக்கரு. இது போட்டது சரித்திரக் காப்பகம். எது பெரிசுன்னு தொரை கேக்குறாரு.”

நான் எழுந்தேன். எழுந்ததற்காக என்னை யாரும் மெச்ச வேண்டாம். “சேர், நாற்பத்தொண்டுல யுத்தம். இத்தாலிக்கு எந்தக் கப்பல் போச்சு? துருக்கிண்டு எழுதியீக்கிற படத்துல நிக்கிறது எங்க வாப்பா. அது பசறை பஜார்.”

“ஒங்க வாப்பா உயிரோட இருக்காரா?”

“மவுத்தாப் போயிட்டாங்க.”

“வேற படம் இருக்கா, ஒத்துப் பாக்க?”

இல்லை. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் படம் பிடிக்கவிட மாட்டார்கள். அந்த ஒன்றும் வெள்ளைக்காரி கேளாமல் எடுத்தது.

துரை தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து, அடியில் விரலை ஊன்றினார். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. அங்கே வளைந்து நெளிந்து நின்றது என் கையெழுத்து.

“இது யாருடையது?”

“என்னோடது.”

“அப்ப,” என்று மொழிபெயர்ப்பாளர் நுழைந்தார், “பொய்ன்னு தெரிஞ்சே சாட்சி போட்டீங்கன்னு இப்ப எழுதித் தருவீங்களா? அதுக்கு வேற கோர்ட்டு இருக்கு.”

எழுதித் தந்திருந்தால் இந்தக் கதைக்கு வேறு தலைப்பு வைத்திருப்பேன். கடை இருந்தது, பெற்ற உம்மா இருந்தார், கலியாணம் பேசியிருந்தது. மண்டபத்தில் ஐம்பது குடும்பமும் என் வாயைப் பார்த்தது. உட்கார்ந்தேன்.

வெளியே படியிறங்கும்போது மத்தேயு முதலில் வாயைத் திறந்தான்.

“ஒரு தேசமும் போகலியா, அத்தை?”

“இல்லப்பா.”

“எகிப்துல ஒட்டகத்து மேல ஏறினது?”

“தியத்தலாவ பட்டாளத்துக் கழுதை.”

“கப்பல் ஆயான்னு சொல்லி எம்மவனுக்கு ஊரெல்லாம் பெருமையடிச்சேனே, த்தூ,” என்று அவன் எச்சிலைத் துப்பினான். “வெள்ளைக்காரி பொய்யிக்கு வெள்ளைத்துணி சுத்தி வச்சிருக்கான். ஒங்க நெசத்துக்கு ஒரு நாயி திரும்பிப் பாக்கல. நல்ல ஊழியம் பாத்தீங்க!”

“வுடுங்க,” என்றாள் மரியகொரட்டி. அவள் அழுதுகொண்டுதான் இருந்தாள். ஆனாலும் அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துவிட்டாள். “அம்மா, நெசமாவே ஜன்னலத் தொறக்க விடமாட்டாளா?”

“ரெண்டு மாசம்,” என்றாள் றோசாலி. “வேர்த்து வேர்த்து ஊத்தும். சத்தம் வரக்கூடாதுன்னு இருமலக்கூட வாயில துணிய வச்சு இருமுவேன்.”

மரியகொரட்டி சிரித்தாள். அழுகைக்கு நடுவில் வருகிற சிரிப்பு. கேட்க நன்றாக இல்லை. பசறை பஸ்ஸில் மத்தேயு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டான். வளைவுக்கு வளைவு பஸ் சாய்ந்தபோதெல்லாம் றோசாலியின் தோள் என் மேல் இடித்தது. அவள் தள்ளியும் உட்காரவில்லை.

இரண்டு மாதத்தில் மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடுதாசி வந்தது. மத்தேயு அதை என்னிடம் கொண்டுவரவில்லை. கிளாக்கரிடம் கொடுத்து வாசித்தான். மலை முழுக்கத் தெரிந்தது. ஒரு வருடம் அவன் பொறுத்துப் பார்த்தான். நாடில்லாதவன் பிள்ளைக்கு அது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொரு அரசாங்கக் கந்தோரிலும் கேட்டுக் கேட்டுக் காது புளித்து, ஒருநாள் இந்தியாவுக்குப் பாரம் நிரப்பிவிட்டான். இந்தியா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வேண்டாதவர்களை வாங்குகிறவனும் வேண்டாமென்று தள்ளுகிறவனும் தாளை எவ்வளவு வேகமாக முடிக்கிறார்கள்!

எழுபத்தொன்றில், தை மாதத்து மழையில், பதுளை ஸ்டேசனில் அவர்களை ஏற்றிவிடப் போனேன். மேடை முழுக்கத் தகரப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளை மையில் பெயர். ஒருவருக்கும் கையுறை இல்லை. போகிறவர்களைக் கட்டிப்பிடித்து நிற்கிறவர்கள் ஓலமிட்டார்கள். அந்த அழுகை மலையுச்சியிலுள்ள ஒகியா ஸ்டேசன் வரைக்கும் கேட்டிருக்கும். நான் மாசிச்சம்பல் ஒரு போத்தல் கொண்டுபோயிருந்தேன். மத்தேயு வாங்கவில்லை. மரியகொரட்டி வாங்கினாள்.

றோசாலி ஜன்னலோரத்தில் அதே பூச்சேலையோடு உட்கார்ந்திருந்தாள்.

“ஆயாம்மா,” என்றேன்.

“வுடுங்க, சின்ன மொதலாளி. கப்பல் ஆயாவுக்கு ஒரு வழியாக் கப்பல் வந்திருச்சு.”

ஜன்னல் கண்ணாடியை முழுக்க மேலே தூக்கித் திறந்துவிட்டாள். மழை உள்ளே அடித்தது. பக்கத்திலிருந்தவள் ஏசினாள். றோசாலி மூடவில்லை.

நாலு மாதம் கழித்து, இந்தியக் கரையிலிருக்கும் மண்டபம் முகாமிலிருந்து ஒரு கடிதம் வந்தது. யாரையோ பிடித்து, தான் சொல்லச் சொல்ல எழுதுவித்திருந்தாள்.

“சின்ன மொதலாளிக்கு றோசாலி எழுதிக்கொண்டது. நாங்க சொகமா இருக்கோம்னு எழுதணுமாம், எழுதச் சொல்லிட்டேன். தலைமன்னார்லேருந்து கப்பலு. கடலு புல்லு மாதிரி அசையல. மூணு மணி நேரமும் வாளிக்குள்ள தலைய வச்சுக்கிட்டு இருந்தேன். கப்பல்ல வாந்தி வரும்னு தொரசாணி ஒரு வரிகூட எழுதல, அங்கயே அந்தக் கண்ணாடி ஐயாவுக்குத் தெரிஞ்சிருக்கணும். எறங்கினதும் மண்ணு ஆடுது. ஒரு நாள் பூரா ஆடிச்சு. அதையும் அவ எழுதல. இங்க எங்களச் சிலோன்காரங்கன்னு கூப்புடுறாங்க. மத்தேயு இப்ப என்கிட்ட பேசுது. இந்தக் கடுதாசியக் கொண்டுபோயி அந்தப் பெட்டியில போடச் சொல்லுங்க. அதுல ஒண்ணாவது நெசமா இருக்கட்டும்.”

அடுத்த தரம் சரக்கெடுக்கக் கொழும்புக்கு இறங்கியபோது கொண்டுபோனேன். அதே காப்பாளர், அதே கண்ணாடி. கடிதத்தை வெறுங்கையால் வாங்கினார். நின்றபடியே வாசித்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நாலாக மடித்துத் திருப்பி நீட்டினார்.

“இதை எங்கடை சேகரத்திலை சேர்க்க ஏலாது, தம்பி,” என்றார். “மிசிஸ் பென்றோஸ் இந்தியாவுக்குப் போனதா எங்கயும் பதிவில்லை.”